பழைய படகின் கிழிந்த வினைல் இருக்கைகள்: குறைந்த செலவில் எப்படிப் புதுப்பிக்கலாம்?

சிம்கோக்கரை | 2024 ஏப்ரல் 6

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஒக்ரோபரில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சிம்கோ ஏரிக்கரையில் உள்ள கெஸ்விக்கில் ஒருவரிடம் 1988ஆம் ஆண்டுப் படகொன்றை 3,200 டொலருக்கு வாங்கினேன். பதினெட்டு அடி நீளம், முன்பக்கம் திறந்து அங்கேயும் ஆட்கள் இருக்கக்கூடிய வகை. இயந்திரத்தை மெக்கானிக் ஒருவர் பார்த்து நல்ல நிலையில் உள்ளது என்றார். உடற்பகுதியில் வெடிப்பு எதுவும் இல்லை. இருக்கைகள்தாம் பார்க்கவே மனம் வருந்தும் நிலையில் உள்ளன. முதுகோடு முதுகு சேர்ந்து, இழுத்தால் படுக்கையாக விரியும் இரட்டை இருக்கைகள் இரண்டு, இயந்திரப் பெட்டியின் இரு பக்கமும் சிறிய இருக்கைகள் இரண்டு, முன்பக்கத்தில் மூன்று மெத்தைகள். பெரும்பாலானவற்றில் வினைல் (றெக்சின்) காய்ந்து வெடித்திருக்கிறது. தையல் ஓரங்கள் பிரிந்து, உள்ளே இருக்கும் மஞ்சள் ஃபோம் தெரிகிறது.

இருக்கை வேலை செய்யும் கடையொன்றில் விலை கேட்டேன். 4,800 டொலர் என்றார்கள். படகின் விலையைவிட அதிகம். என்னால் 900 டொலருக்கு மேல் செலவழிக்க இயலாது. மனைவியிடம் வீட்டுத் தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. எனக்கு மரவேலை ஓரளவு தெரியும், மெத்தை வேலை தெரியாது. பழைய உறையின் மேலேயே புதிய வினைலை இழுத்து அடித்துவிடலாமா? வினைல் பூச்சு என்று விற்கிறார்களே, அதை வாங்கிப் பூசினால் தாங்குமா? அல்லது எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகத்தான் செய்ய வேண்டுமா?

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். இங்கு வந்த பிறகு ஒருமுறைகூடப் படகில் ஏறவில்லை. இந்த ஆண்டு மே மாதத்தில் வரும் விக்ரோறியா தின விடுமுறைக்கு முன்பு அவரைச் சிம்கோ ஏரியில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே அவசரப்படுகிறேன்.

ஊசிநூல் | 2024 ஏப்ரல் 6

தம்பி, ஸ்காபரோவில் பதினான்கு ஆண்டுகள் மெத்தை உறைகள் தைத்த அனுபவத்தில் எழுதுகிறேன். பூச்சை மறந்துவிடுங்கள். ஆள் இருந்து எழும்பும் இடத்தில் வினைல் ஒவ்வொரு முறையும் மடிந்து நிமிர்கிறது. பூச்சு அந்த மடிப்பிலேயே செதில் செதிலாக உதிரும். யாரும் இருக்காத பக்கச் சுவர் மெத்தைக்கு வேண்டுமானால் அது ஒரு கோடை தாங்கும். பழைய உறையின் மேல் புதியதை இழுப்பதும் வேண்டாம். கீழே இருக்கும் ஈரத்தை நீங்களே மூடிப் பூட்டிவைத்ததாக ஆகிவிடும்.

வினைல் வாங்குவதற்கு முன்பு ஒரேயொரு இருக்கையைப் பிரித்துப் பாருங்கள். மிக மோசமாகத் தெரிவதை எடுக்காமல், ஓரளவு நன்றாக இருப்பதாக நீங்கள் நினைப்பதைப் பிரியுங்கள். படகு இருக்கை மேலிருந்து கெடுவதைவிடக் கீழிருந்து கெடுவதே அதிகம். தையல் துளைகளின் வழியாக இறங்கும் மழைநீர் ஃபோமில் நின்று, அடியில் இருக்கும் பலகையை அழுகச் செய்கிறது. பலகை அழுகினால் ஸ்டேப்ளர் பின்கள் பிடி விட்டுப்போகும். உறை தளர்ந்து, தளர்ந்த இடம் மடிந்து வெடிக்கும். நீங்கள் காண்பது அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டுமே. ஆகவே எவ்வளவு துணி தேவை என்ற கேள்விக்கு முன்பு, எவ்வளவு பலகை மிஞ்சியிருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

பிரிக்கும்போது உறையை எக்காரணம் கொண்டும் கத்தியால் வெட்டி எடுக்காதீர்கள். அந்தக் கிழிந்த உறைதான் உங்களுடைய அளவுச்சட்டம்.

சிம்கோக்கரை | 2024 ஏப்ரல் 13

அக்கா சொன்னபடி, எல்லாவற்றிலும் நல்லது என்று நான் எண்ணியிருந்த சாரதி இருக்கையை இன்று கராஜில் வைத்துப் பிரித்தேன். அடிப்பகுதி மெத்தையை மட்டும் கழற்றி, குளியலறைத் தராசில் வைத்தபோது ஒன்பது கிலோ காட்டியது. கவிழ்த்துப் போட்டு, தட்டையான திருப்புளியால் பின்களைக் கிளப்பத் தொடங்கினேன். முதல் வரிசையில் பாதிப் பின்கள் நெம்பும் முன்பே தலை ஒடிந்தன. மிச்சம் துருப்பொடியாக விரலில் ஒட்டியது. ஒரு மூலையில் திருப்புளியின் நுனி பலகைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிட்டது. அந்த இடத்தைக் கையால் தொட்டால் பலகை புட்டு மா போல உதிர்ந்தது. ஃபோமைத் தூக்கி இரண்டு கைகளாலும் பிழிந்தேன். தேநீர் நிறத்தில் தண்ணீர் கராஜ் தரை முழுவதும் ஓடியது. படகு சென்ற ஒக்ரோபர் முதல் தார்ப்பாயின் கீழேதான் நின்றது. இந்தத் தண்ணீர் ஆறு மாதமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

மேலே உறையில் ஒரு வெடிப்பும் இல்லை என்பதுதான் என்னைத் திகைக்க வைத்தது. மற்றவற்றையும் தட்டிப் பார்த்தேன். ஏழு அடிப்பலகைகளில் ஐந்தை மாற்ற வேண்டும். முதுகுப் பலகைகள் பெரும்பாலும் திடமாக உள்ளன. எந்தப் பலகையை வாங்குவது? மரக்கடையில் பச்சை நிறத்தில் மருந்து ஏற்றிய பிளைவுட் இருக்கிறதே, அழுகவே அழுகாது என்று விற்பனையாளர் சொன்னார்.

மரவேலை | 2024 ஏப்ரல் 14

அந்தப் பச்சைப் பலகையை வாங்க வேண்டாம். மரம் அழுகாது என்பது உண்மை. ஆனால் 2003ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் ஆர்சனிக் கலந்த பழைய மருந்து நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் செம்பு அதிகமாகக் கலந்த மருந்துகள் வந்தன. செம்பும் ஈரமும் சேர்ந்தால் சாதாரணப் பின்னும் திருகாணியும் வழக்கத்தைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பலகை நிற்கும், அதைப் பிடித்திருக்கும் உலோகம் போய்விடும். மேலும் அந்தப் பலகைகள் கடையில் ஈரமாகவே இருக்கும், காயும்போது முறுகும்.

படகு கட்டுவதற்கென்றே வரும் மெரைன் பிளைவுட் மிக நல்லது. ஆனால் உங்களுடைய செலவுக் கணக்குக்குள் அது வராது, இந்த வேலைக்கு அது கட்டாயமும் இல்லை. வெளிப்புறப் பாவனைக்கான தேவதாரு பிளைவுட், 12 மில்லிமீற்றர் தடிப்பு, இரண்டு பக்கமும் முடிச்சு உடையாததாகப் பார்த்து எடுங்கள். அதில் பயன்படும் பசை நீரில் பிரியாத வகை. மெரைன் பலகையோடு ஒப்பிட்டால் இதில் உள்ளே இடைவெளிகள் இருக்கலாம், அவ்வளவுதான். நான்கடிக்கு எட்டடிப் பலகை ஒன்றில் உங்கள் ஐந்து அடிப்பலகைகளும் வெட்டி முடியும்.

பலகையை விடப் பூச்சுதான் முக்கியம். எல்லாத் துளைகளையும் முதலில் போட்டுவிட்டுப் பிறகு எபொக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகும் பிசின்) பூசுங்கள். பூசிய பிறகு துளையிட்டால், பூசாத மரத்துக்குத் தண்ணீர் போக நீங்களே வழி திறந்து கொடுக்கிறீர்கள். பிணைச்சல்களின் (கீல்களின்) திருகாணி போகும் இடங்களில் சற்றுப் பெரிய துளை போட்டு, அதை எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின்பு நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். இதைச் செய்தால் திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. பலகையின் வெட்டு ஓரம் தண்ணீரை உறிஞ்சுவதுபோல எபொக்சியையும் உறிஞ்சும். ஓரங்களுக்கு மூன்று முறை, முகங்களுக்கு இரண்டு முறை என்று கணக்கு வையுங்கள். எபொக்சிக்குப் பணம் போதாவிட்டால் படகு வார்னிஷ் நான்கு பூச்சு அடிக்கலாம். அது ஏழெட்டு ஆண்டு தாங்கினால் போதும் என்று முடிவெடுத்துச் செய்யலாம். ஆனால் ஓரத்தை மட்டும் எபொக்சியால் அடைத்துவிடுங்கள்.

பின்கள் போகும் துளைகள் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அவை மிகச் சிறியவை, கீழ்முகத்தில் இருப்பவை. அங்கே தண்ணீர் தேங்காது. பின் மட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பெட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர் கூடுதலாகும் என்று பார்த்துச் சாதாரணப் பின்னை வாங்கியவர்கள் எல்லோரும் நான்கு ஆண்டில் மறுபடி பிரித்திருக்கிறார்கள். பத்து மில்லிமீற்றர் கால் போதும். அதைவிட நீளமானால் பலகையின் மறுபக்கம் எட்டிப்பார்க்கும்.

ஒரிலியாவாசி | 2024 ஏப்ரல் 14

என்னுடைய அனுபவத்தையும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் படகின் முன்மெத்தைகளை ஒரு கடையில் கொடுத்துச் செய்தேன். தையல் அழகாக இருந்தது, பணமும் தாராளமாக வாங்கினார்கள். ஒரே கோடையில் வெள்ளை உறையில் இளஞ்சிவப்புக் கறைகள் படர்ந்தன. பிரித்துப் பார்த்தபோது பழைய ஈர ஃபோமையே உள்ளே வைத்து மூடியிருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு மிகவும் வலித்தது. சொல்லியிருந்தால் புதிய ஃபோமுக்கு நானே பணம் கொடுத்திருப்பேன்.

இந்த முறை நானே செய்கிறேன். புதிய ஃபோமைத் தடித்த பொலித்தீன் தாளில் முழுமையாகச் சுற்றி, ஓரங்களை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டுப் பிறகு உறை போடலாம் என்பது என் திட்டம். தண்ணீர் தையல் வழியாக வந்தாலும் ஃபோமைத் தொடாது அல்லவா?

நிலாவெளி | 2024 ஏப்ரல் 15

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகள் இரண்டு எங்கள் குடும்பத்தில் உள்ளன. பயணிகள் தண்ணீரில் இறங்கி நீந்திவிட்டு, உடை முழுவதும் உப்புநீர் சொட்டச் சொட்ட ஏறி இருக்கையில் அமர்கிறார்கள். ஆகவே றெக்சின் மெத்தைக்குள் தண்ணீர் போகும் பிரச்சினையை நாங்கள் ஒவ்வொரு நாளும் காண்கிறோம்.

ஒரிலியாக்கார அண்ணன் சொல்லும் பொலித்தீன் முறையை நாங்களும் செய்து பார்த்தோம். ஒட்டுநாடா ஆறு மாதத்தில் விட்டுவிட்டது. அதன் பிறகு தண்ணீர் உள்ளே போக வழி இருந்தது, வெளியே வர வழி இருக்கவில்லை. பிரித்தபோது வந்த மணத்தை மறக்க முடியாது. தண்ணீரைத் தடுக்க முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான ஊசித் துளைகள் உள்ள ஓர் உறையை நீர்புகாததாக ஆக்கவே முடியாது. உள்ளே போனது விரைவாக வெளியே வர வேண்டும், அதற்கு மட்டும் வழி செய்தால் போதும்.

நாங்கள் செய்வது இதுதான். அடிப்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் ஆறு முதல் எட்டு வரை போடுகிறோம்; படகு நிற்கும்போது தாழ்வாக இருக்கும் பக்கம் எது என்று பார்த்து அங்கே கூடுதலாகப் போடுகிறோம். கீழ்முகத்தை றெக்சினால் மூடாமல் வலைத்துணி அடிக்கிறோம். மாலையில் மெத்தைகளை நன்னீரால் கழுவி, கிடையாகப் போடாமல் செங்குத்தாகச் சாத்தி வைக்கிறோம். உப்பு உள்ளே தங்கினால் காற்றிலிருக்கும் ஈரத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். மெத்தை ஒருபோதும் முழுமையாகக் காயாது. உங்கள் ஏரி நன்னீர் என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை, ஆனால் சாத்தி வைக்கும் பழக்கம் உங்களுக்கும் உதவும்.

பொலித்தீனுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. உறையை மாட்டும்போது மெல்லிய பொலித்தீனை ஃபோமின் மேல் போர்த்தினால் வினைல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மாட்டி முடிந்ததும் அதை உருவி எடுத்துவிடுங்கள்.

ஒரிலியாவாசி | 2024 ஏப்ரல் 15

நன்றி தம்பி. பொலித்தீன் சுருளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் தண்ணீரே குடிக்காத, மிதவை செய்யப் பயன்படும் மூடிய கண் ஃபோமைப் போட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லையே?

ஊசிநூல் | 2024 ஏப்ரல் 16

அது தண்ணீர் குடிக்காது, உண்மைதான். ஆனால் பலகைமேல் இருப்பதுபோல இருக்கும். அலையில் படகு ஒருமுறை குதித்தால் முதுகெலும்பு சொல்லும். அடியில் ஓர் அங்குலம் அதைப் போட்டு, மேலே மூன்று அங்குலம் சாதாரண இருக்கை ஃபோம் போடுவது நல்ல வழி. அடியில் தேங்கும் ஈரம் மேலே ஏறாது. தண்ணீர் அப்படியே ஊடுருவி ஓடிவிடும் வலைக்கண் ஃபோம் எல்லாவற்றிலும் சிறந்தது. விலை மூன்று மடங்கு. சாரதி இருக்கைக்கு மட்டும் அதை வாங்கலாம். பழைய ஃபோமில் மணமும் கறையும் இல்லாததைக் காயவைத்து மறுபடி பயன்படுத்துவதில் தவறில்லை. முதுகு மெத்தைகளில் பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும். எந்த ஃபோமையும் உறையின் அளவைவிட அரை அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள், அப்போதுதான் உறை இறுக்கமாக நிற்கும். வெட்டுவதற்கு இறைச்சி அரியும் மின்கத்தியைவிடச் சிறந்த கருவி கிடையாது.

இனி உறை. தம்பி கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் உள்ளது. ஆகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

பழைய உறையைப் பிரிப்பதற்கு முன்பு, நிறம் மங்காத பேனாவால் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அது எந்த இருக்கை, எந்தப் பக்கம், எது மேல் என்று எழுதுங்கள். இரண்டு துண்டுகள் சேரும் தையலின் குறுக்காக மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். வளைவில் ஓர் அங்குலத்துக்கு ஒன்று. பிரித்த பிறகு அந்தக் கோடுகள் இரண்டு துண்டுகளிலும் பாதிப் பாதியாக இருக்கும். புதிய துண்டுகளைத் தைக்கும்போது அவற்றை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும், வளைவு தானாக வந்து அமரும். புதிதாகத் தைக்கிறவர்கள் இந்தக் கோடுகளைத் தவிர்த்துவிட்டுத்தான் கடைசி மூலையில் இரண்டு அங்குலம் மிஞ்சி நின்று தவிக்கிறார்கள். பிரித்த துண்டுகளைத் தடித்த தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஆனால் பழைய வினைலை முழுவதும் நம்ப வேண்டாம். ஆள் இருந்த இடம் இழுபட்டு நீண்டிருக்கும், வெயில் பட்ட ஓரம் சுருங்கியிருக்கும். தாளில் வரைந்ததைப் பலகையோடும் ஃபோமோடும் வைத்துச் சரிபார்த்த பிறகே வெட்டுங்கள். தையலுக்கு அரை அங்குலம், பின் அடிக்கும் ஓரத்துக்கு இரண்டு அங்குலம் விடுங்கள்.

உங்களுடைய பழைய இருக்கையில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரித்தையல் இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அந்த வரிகளைத் திரும்பத் தைக்காதீர்கள். அழகுக்காகப் போட்டவை அவை. ஒவ்வொரு வரியும் இருக்கையின் நடுவில், தண்ணீர் தேங்கும் இடத்தில் ஊசித் துளைகளின் ஒரு வரிசை. மேல்முகத்தை ஒரே துண்டாக வெட்டினால் துணியும் குறையும், வேலையும் பாதியாகும், தண்ணீரும் குறையும். செலவைக் குறைப்பது என்று கேட்டால் இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு எதிலும் இல்லை.

வினைல் மெரைன் என்று எழுதியதாகவே இருக்க வேண்டும். கார் இருக்கைக்கு வருவதோ வீட்டுக் கதிரைக்கு வருவதோ பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் வெயிலைத் தாங்கும் சேர்மானமும் பூஞ்சைக்கு எதிரான சேர்மானமும் அவற்றில் மெரைன் வினைல் அளவுக்கு இருக்காது. வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் வெயிலில் வெளியேறியதும் அது அப்பளம்போல நொறுங்கும். ஒன்ராறியோவின் கோர்ன்வால் நகரில் மோர்பேர்ன் நிறுவனமே இதைத் தயாரிக்கிறது. ஆகவே கடைசித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும் வாய்ப்பு இங்கு உண்டு. அகலம் 54 அங்குலம். உங்கள் ஏழு இருக்கைகளுக்கும் பன்னிரண்டு யார் (கஜம்) போதும் என்று கணக்கிடுகிறேன். வினைல் குறுக்குப் பக்கம் அதிகமாக நீளும், நெடுக்கில் குறைவாக நீளும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் சோடியான இரண்டு இருக்கைகள் இரண்டு விதமாக நிற்கும்.

நூல்: பருத்தி கூடவே கூடாது, நைலோன் வெயிலில் வலுவிழக்கும். வெயில் தாங்கும் பொலியெஸ்ரர் நூல், 69 எண். தொழிற்கூடங்களில் 92 எண் போடுவார்கள். வீட்டு இயந்திரம் அதைச் சரியாக இழுக்காது. ஊசி 18ஆம் எண். தையல் நீளம் நான்கு முதல் ஐந்து மில்லிமீற்றர். சிறிதாகத் தைத்தால் உறுதியாக இருக்கும் என்று நினைக்கலாம். வினைலில் அது தபால்தலை ஓரம்போலத் துளையிட்டுவிடும், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும். குண்டூசி குத்தாதீர்கள், வினைலில் போட்ட துளை ஆறாது. உடுப்புக் காயப்போடும் கவ்விகளே போதும்.

புதுப்பேட்டை | 2024 ஏப்ரல் 17

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா முப்பது வருடம் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் கட்டியவர். நானும் பள்ளி விடுமுறைகளில் அவருடைய கடையில் வேலை பார்த்திருக்கிறேன். படகு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ரெக்சின் இழுப்பது எங்கேயும் ஒன்றுதான் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டுத் தையல் இயந்திரம் பற்றியது. பிளாஸ்டிக் உடம்புள்ள புதிய இயந்திரத்தில் இதைச் செய்ய வேண்டாம். பழைய இரும்பு சிங்கரோ உஷாவோ பழைய சாமான் கடையில் கிடைத்தால் அதுவே போதும். இரண்டு மடிப்பு வரை மிதித்துத் தைக்கலாம். பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் கயிறு போன்ற விளிம்பு) வந்து நான்கு மடிப்பாகும் மூலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்க வேண்டும். அப்பா அந்த இடத்தில் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். அழுத்துகால் ரெக்சினில் ஒட்டி நகராமல் நின்றால் அதன் அடியில் மெல்லிய காகிதத்தை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். ரெக்சினில் ஒட்டாத டெஃப்ளான் அழுத்துகால் கிடைத்தால் காகிதம் தேவையில்லை.

இரண்டாவது, இழுக்கும் வரிசை. உறையை மாட்டுவதற்கு முன்பு அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். உங்கள் ஊரில் வெயில் வரவில்லை என்றால் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்குங்கள். இளகிய ரெக்சின் சொன்னபடி கேட்கும். மெத்தையைக் கவிழ்த்துப் போட்டு, முன்பக்கத்தின் நடுவில் ஒரு பின், பிறகு அதற்கு நேர் எதிரே பின்பக்கத்தின் நடுவில் ஒரு பின். அடுத்து இடது நடு, வலது நடு. நான்கு பின் அடித்ததும் நிமிர்த்திப் பார்க்க வேண்டும். தையல் கோடு நேராக இருக்கிறதா, ஓரப் பைப்பிங் பலகையின் விளிம்போடு போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலை எப்போதும் கடைசி. ஒரு பக்கத்தை முழுவதுமாக அடித்து முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போகிறவர்களின் சீட் கட்டாயம் முறுக்கிக்கொள்ளும். மூலையில் மிஞ்சும் துணியை ஒரே பெரிய மடிப்பாக மடிக்காமல், விசிறிபோலச் சின்னச் சின்ன மடிப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பின் அடியுங்கள். பின்பு, அடித்த பின்னைப் பிடுங்க வேண்டிவரும் என்று எதிர்பார்த்தே அடியுங்கள். அப்பாவும் பிடுங்குவார்.

சிம்கோக்கரை | 2024 ஏப்ரல் 20

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பலகைகளை வெட்டி எபொக்சி பூசிவிட்டேன். ஒரு சிறு கேள்வி. முன்மெத்தை ஒன்றின் உறை கிழியவில்லை, ஒரிலியா அண்ணா சொன்ன இளஞ்சிவப்புக் கறை மட்டும் இருக்கிறது. வெளிற்றும் நீரால் (பிளீச்) தேய்த்தால் போய்விடுமா?

ஊசிநூல் | 2024 ஏப்ரல் 20

போகாது. அந்தக் கறை மேலே விழுந்ததல்ல. ஈர ஃபோமில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம் வினைலுக்குள் பின்பக்கமாக ஊறி மேலே வந்தது அது. எத்தனை முறை தேய்த்தாலும் மேற்பூச்சுத்தான் தேயும், வெளிற்றும் நீர் தையல் நூலையும் அரித்துவிடும். அந்த மெத்தையையும் பிரித்து, ஃபோமை எறிந்துவிட்டு உறையை மாற்றுங்கள். கறை இல்லாத உறைகளைக் கழுவச் சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும்.

சிம்கோக்கரை | 2024 ஜூன் 9

நீண்ட நாள் மௌனத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். விக்ரோறியா தினத்துக்கு முன்பு முடிக்க இயலவில்லை. சென்ற சனிக்கிழமைதான் கடைசி மெத்தையைப் பூட்டினேன்.

செலவைச் சொல்கிறேன், அடுத்து வருகிறவருக்கு உதவும். மெரைன் வினைல் பதின்மூன்று யார், கடைசிச் சுருளில் மிஞ்சியது என்பதால் ஒரு யாருக்கு 24 டொலர், ஆக 312. ஃபோம் 210. பிளைவுட் 78. எபொக்சி 95. நூல், ஊசி, பின்கள், வலைத்துணி எல்லாம் சேர்த்து 84. மார்க்கம் நகரில் ஒரு வீட்டில் விற்ற இரும்பு சிங்கர் இயந்திரம் 60. வரி நீங்கலாக மொத்தம் 839 டொலர். மனைவி தைத்தார், நான் இழுத்து அடித்தேன். மாலைகளும் வார இறுதிகளுமாக ஏழு வாரங்கள் ஆயின.

தவறுகளையும் சொல்ல வேண்டும். முதல் உறையில் குறுக்குக் கோடுகளைப் போடாமல் பிரித்துவிட்டோம். அக்கா எச்சரித்தபடியே மூலையில் ஒன்றரை அங்குலம் மிஞ்சியது, ஒரு யார் வினைல் அதிலேயே போனது. பதின்மூன்றாவது யாரின் கதை அதுதான். சாரதி இருக்கையின் முதுகுப் பகுதியில் இரண்டு வரித்தையலை மனைவி ஆசைக்காகப் போட்டார். முதுகு செங்குத்தாக இருப்பதால் தண்ணீர் நிற்காது என்று விட்டுவிட்டேன். படுக்கையாக விரியும் இருக்கைகளின் பிளாஸ்டிக் பிணைச்சல்கள் வெடித்திருந்தன. அவற்றை மாற்ற மறந்து, மெத்தையைப் பூட்டிய பிறகு மறுபடி கழற்றினேன். இதைச் செய்கிறவர்கள் பிணைச்சலை முதல் நாளே பாருங்கள்.

புதிய அடிமெத்தையை அதே தராசில் வைத்தேன். நான்கு கிலோ.

அப்பா நேற்று வந்தார். ஏறியதும் முன் இருக்கையில் அமராமல், மெத்தையைத் தூக்கிக் கவிழ்த்து, அடியில் போட்ட துளைகளை விரலால் எண்ணினார். தாழ்வான பக்கத்தில் இன்னும் இரண்டு போட வேண்டும் என்றார்.

நிலாவெளி | 2024 ஜூன் 10

அண்ணா, ஐயா சொல்வது சரி. நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தால் உங்கள் படகு நிற்கும்போது பின்பக்கம் தாழ்கிறது. துளைகளை நடுவிலே போட்டிருக்கிறீர்கள். பின் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். துளையின் உள்விளிம்புக்கு எபொக்சி பூச மறக்க வேண்டாம்.

சிம்கோக்கரை | 2024 செப்ரெம்பர் 29

இன்று படகைக் கரையேற்றினோம். மெத்தைகள் எல்லாவற்றையும் கழற்றி வீட்டு நிலவறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். குளிரில் விறைத்த வினைலை மடித்தால் வெடிக்கும் என்பதால் ஜனவரியில் அவற்றை எவரும் தொடப்போவதில்லை. ஓகஸ்ட்டில் இரண்டு நாள் விடாத மழை பெய்தது. மறுநாள் காலையில் அடிமெத்தையை அழுத்திப் பார்த்தேன். அப்பா சொல்லிப் போட்ட இரண்டு துளைகளிலிருந்தும் தண்ணீர் இறங்கியது, நடுவில் போட்டவற்றில் ஒரு துளியும் வரவில்லை. தராசில் நான்கு கிலோ இருநூறு கிராம். சுவரில் சாத்தி வைத்து மூன்று நாளில் அந்த இருநூறும் போய்விட்டது.